பிரெட் மெக்டவல்: டெல்டாவில் பிறக்காத டெல்டா ப்ளூஸ்காரர்

கேள்வி இதுதான்: ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழு 1971-இல் வெளியிட்ட 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தில் 'யூ காட்டா மூவ்' என்று ஒரு பாட்டு வருகிறது. அதில் பெயர் போட்டிருக்கும் பிரெட் மெக்டவல் யார்? எங்கே தேடினாலும் 'மிசிசிப்பி டெல்டா ப்ளூஸ் கலைஞர்' என்று இருக்கிறது, அது சரியா? அவர் பாட்டு ஏன் மற்ற டெல்டா ப்ளூஸ் மாதிரி இல்லாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

கடைசிக் கேள்வியைக் கேட்டவருக்கு நல்ல காது. ஏனென்றால் முதல் இரண்டு கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. ப்ளூஸ் என்பது அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை, டெல்டா அதற்குப் பேர்போன மிசிசிப்பிப் பகுதி. மெக்டவல் டெல்டாக்காரர் இல்லை. இன்னும் சொன்னால், 'மிசிசிப்பி' பிரெட் மெக்டவல் என்று பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த மாநிலத்தில் அவர் பிறக்கவும் இல்லை. பிறந்தது டென்னசி மாநிலத்தில், மெம்பிஸ் நகருக்குக் கிழக்கே, மிசிசிப்பி எல்லையை ஒட்டிய ராஸ்வில் என்ற சின்ன ஊரில். வருஷம் 1904 என்றும் 1906 என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். வாழ்க்கையில் பாதியைக் கழித்தது வடக்கு மிசிசிப்பியின் மேட்டு நிலத்தில், கோமோ என்ற ஊரில். அந்த மேட்டு நிலத்து இசைக்கு இன்று 'ஹில் கன்ட்ரி ப்ளூஸ்' என்று தனிப் பெயரே இருக்கிறது. அந்த இசையை வெளியுலகம் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டது இவர் மூலமாகத்தான். அப்போது அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை, அதனால் டெல்டா என்று போட்டு விற்றார்கள். 1964-இல் வந்த அவருடைய ஒரு ஆல்பத்துக்குத் தலைப்பே 'மிசிசிப்பி டெல்டா ப்ளூஸ்'. அதே காலத்தில் வேறொரு கம்பெனி வெளியிட்டதற்கு 'மை ஹோம் இஸ் இன் த டெல்டா'. வீடு டெல்டாவில் என்று அட்டையில் அச்சாகியிருக்கும்போது கேட்பவர் என்ன செய்வார்!

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம், அது தெரியாமல் இந்த இசை பிடிபடாது.

மிசிசிப்பி டெல்டா என்பது ஆறு கடலில் கலக்கும் இடம் இல்லை. மாநிலத்தின் வடமேற்கில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் தட்டையான வண்டல் பூமி. பெரிய பெரிய பருத்திப் பண்ணைகள், ஒவ்வொன்றிலும் கூட்டம் கூட்டமாக, விளைச்சலில் ஒரு பங்குக்கு உழும் கறுப்பினக் குடும்பங்கள். சனிக்கிழமை ராத்திரி ஜூக் ஜாயின்ட் எனப்படும் சாராயக் கொட்டகைகளில் ஆட்டம், பாட்டு, சூதாட்டம். சார்லி பேட்டன், சன் ஹவுஸ், ராபர்ட் ஜான்சன் எல்லோரும் அங்கே உருவானவர்கள். ஆள் கூடும் இடமாதலால் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர்களும் 1920-களிலேயே அங்கே வந்துவிட்டார்கள்.

அதற்குக் கிழக்கே நிலம் மேடாகிறது. பனோலா, டேட், மார்ஷல் கவுன்டிகள், அதாவது மாவட்டங்கள். செம்மண், பைன் மரங்கள், சிறு சிறு பண்ணைகள். இங்கே கூட்டம் கூடுவது பிக்னிக் என்று இவர்கள் சொல்லும் ஊர் விருந்துகளில். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருக்கும், நடுவில் மூங்கில் மாதிரியான நாணலில் துளைபோட்ட புல்லாங்குழல் ஒன்று, அதைச் சுற்றி இரண்டு மூன்று டிரம்கள். ராணுவ பேண்டிலிருந்து வந்த வாத்தியங்கள்தான். ஆனால் வாசிக்கும் தாளம் எந்த ராணுவமும் நடக்க முடியாத தாளம். சிட் ஹெம்ப்பில், எட் யங், லோனி யங், ஓத்தா டர்னர் ஆகியோர் இந்தக் குழல்-டிரம் மரபின் பெரிய பெயர்கள். ஒரு சின்னச் சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுற்றுவார்கள். ஆடுபவர்கள் களைக்கிறவரை பாட்டு முடியாது.

இந்த மண்ணின் கிட்டாரும் அப்படியே. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்று என்று ப்ளூஸ் பாடப்புத்தகத்தில் சொல்லித்தரும் கணக்கு, மூன்று கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகளில்) நகரும் அந்த ஏற்பாடு, இங்கே பெரும்பாலும் கிடையாது. ஒரே கார்டு. கீழ்த் தந்திகள் தம்புரா மாதிரி ஆதாரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, மேலே மெட்டு வந்து வந்து போகும். 'ஒரே இடத்தில் சுற்றுகிறது' என்று கேள்வியில் சொன்னது இதைத்தான். அது சரக்கு இல்லாததால் அல்ல. ஆடுவதற்கென்று செய்த இசை அது.

மெக்டவலின் இளமைக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பெற்றோர் விவசாயிகள். இவர் இளைஞனாக இருக்கும்போதே இருவரும் போய்விட்டார்கள். பதினான்கு வயதில் கிட்டாரைத் தொட்டார், ராஸ்வில் பக்கத்து நடன விருந்துகளில் வாசித்துச் சில்லறை வாங்கினார். 1926 வாக்கில் மெம்பிஸ் போய் பருத்திக்கொட்டை அரைத்து எண்ணெய் எடுக்கும் ஆலையில் வேலை. 1928-இல் பருத்தி எடுக்க மிசிசிப்பிக்கு இறங்கினார். அங்கே இங்கே அலைந்து, 1940 வாக்கில் கோமோவில் நிலைத்தார். மெம்பிஸிலிருந்து தெற்கே 65 கிலோமீட்டர் போல இருக்கும். வாரம் முழுக்க வயல், வாரக் கடைசியில் கிட்டார். கிளீவ்லாண்ட் என்ற டெல்டா ஊரில் ஒரு ஜூக் ஜாயின்ட்டில் சார்லி பேட்டன் வாசித்ததை நேரில் கேட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஈலை கிரீன் என்ற முரட்டு உள்ளூர்க் கலைஞரிடம் சில பாட்டுகளைக் கற்றுக்கொண்டார். ஆக டெல்டாவின் வாடை அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. டெல்டா பாட்டையும் அவர் மேட்டு நிலத்துத் தாளத்தில் போட்டு வாசித்தார், அவ்வளவுதான்.

ஸ்லைடு வாசிப்பை, அதாவது வழவழப்பான ஒரு பொருளைத் தந்தி மேல் வழுக்கவிட்டு வாசிப்பதை, அவர் பார்த்தது சிறுவயதில், ஒரு மாமாவிடம். மாமா கையில் இருந்தது மாட்டு விலா எலும்பின் ஒரு துண்டு, வழவழவென்று தேய்த்து விரலில் மாட்டிக்கொண்டது. மெக்டவல் பேனாக்கத்தியில் தொடங்கி, எலும்புக்கு மாறி, கடைசியில் கண்ணாடி பாட்டில் கழுத்துக்கு வந்து சேர்ந்தார். கண்ணாடியில்தான் நாதம் தெளிவாக வருகிறது என்பது அவர் கட்சி. அதை மோதிர விரலில் மாட்டிக்கொள்வார். மற்ற விரல்கள் தந்தியை அழுத்துவதற்குக் கிடைக்கும்.

இனி 1959 செப்டம்பர். இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

நாட்டார் பாடல்களைச் சேகரிப்பதையே வாழ்க்கையாக வைத்திருந்த ஆலன் லோமாக்ஸ் அந்த வருஷம் அமெரிக்கத் தெற்கு முழுக்க ஒரு சுற்று வந்தார். கூடவே ஷெர்லி காலின்ஸ் என்ற இளம் ஆங்கிலப் பாடகி. அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஸ்டீரியோ ஒலிப்பதிவுக் கருவி வண்டியில். கோமோவில் யங் சகோதரர்களின் குழல்-டிரம் இசையையும், பாப் பிராச்சர், மைல்ஸ் பிராச்சர் என்ற இரண்டு கிழவர்களின் பிடில், கிட்டார் நடன இசையையும் பதிந்துகொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஆகும்போது மரங்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் கையில் கிட்டாரோடு வந்தார். பருத்தி எடுத்துவிட்டு நேராக வந்தவர், உடம்பில் வயலில் போடும் ஓவரால்ஸ். ஐம்பதைத் தாண்டிய ஆள்.

காலின்ஸுக்கு முதலில் எரிச்சல். அந்தப் பழைய கிழவர்களின் வாசிப்பில் ஊறிப்போயிருந்த நேரத்தில், அவர்களைவிட இளைய ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறாரே என்று. அப்படி நினைத்ததற்காக வெட்கப்படுவதாகப் பின்னாளில் அவரே எழுதினார். மெக்டவல் வாசிக்க ஆரம்பித்ததும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. மைல்ஸ் பிராச்சர் இரண்டாவது கிட்டார் பிடித்தார். ஃபேனி டேவிஸ் என்ற உறவுக்காரப் பெண் சீப்பில் மெல்லிய காகிதத்தைச் சுற்றி உதட்டில் வைத்து ஊதினார். அந்தச் சீப்பின் ரீங்காரம் பதிவில் இன்றும் காதுக்குள் நமைச்சல் உண்டாக்கும். ஸ்லைடின் ஓசையும் சீப்பின் ஓசையும் சில இடங்களில் எது எதென்று பிரித்துச் சொல்ல முடியாது.

பதிந்ததைத் திரும்பப் போட்டுக் காட்டியதும் மெக்டவல் வராந்தாவில் குதிக்காத குறையாகத் தரையை மிதித்து, சிரித்து, மனைவியைக் கட்டிக்கொண்டார் என்று லோமாக்ஸ் எழுதியிருக்கிறார். இனி நல்ல காலம்தான் என்று அந்த மனிதர் நம்பியதாகவும் எழுதியிருக்கிறார். விடிந்ததும் மறுபடி பருத்தி எடுக்கப் போக வேண்டியிருந்தது. அந்தப் பதிவுகள் 1960-இல் அட்லாண்டிக் கம்பெனியின் தெற்கு நாட்டார் இசைத் தொகுப்பு வரிசையில் வந்தன. ஆனாலும் அவர் உழவை விட்டு எழ இன்னும் சில வருஷம் ஆனது.

'லோமாக்ஸ் கண்டுபிடித்தார்' என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். கோமோவைச் சுற்றி இருபது மைலுக்குள் விருந்து வைத்த எவருக்கும் மெக்டவலைத் தெரியும். அவருக்குப் பதிவு கிடைத்தது, அவ்வளவே. ஆனால் இதில் ஒரு நல்லதும் நடந்துவிட்டது. அதே காலத்தில் வெள்ளை மாணவர்கள் தேடிப்பிடித்து மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்த சன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ், மிசிசிப்பி ஜான் ஹர்ட் ஆகியோரெல்லாம் 1920-30-களில் இசைத்தட்டு கொடுத்தவர்கள். நடுவே முப்பது வருஷ இடைவெளி. சன் ஹவுஸுக்குத் தன் பழைய பாட்டுகளை இன்னொருவர் உட்கார்ந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. மெக்டவல் விட்டால்தானே மறுபடி தொடங்குவதற்கு? போன சனிக்கிழமை வரை வாசித்துக்கொண்டிருந்தவர். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய இசைத்தட்டும் இல்லை. அதனால்தான் 1959 பதிவுகளில் அந்தத் தினவு. என்னைக் கேட்டால் அவர் பிற்பாடு செய்த எந்தப் பதிவும் அதற்கு ஈடில்லை.

அவர் கையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் 'ரைட் மீ எ ஃப்யூ லைன்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போனதும் எனக்கு நாலு வரி எழுது என்று கேட்கிற பாட்டு. கிட்டாரை முதலில் ஒரு கார்டுக்கே சுருதி சேர்த்துவிடுகிறார், அதாவது கழுத்தில் எதையும் அழுத்தாமல் எல்லாத் தந்தியையும் மீட்டினாலே ஒரு முழு கார்டு பேசும். வலதுகைக் கட்டைவிரல் தடித்த தந்திகளில் இறங்கி ஒரு அடி போடுகிறது. பாட்டு முடியும்வரை அந்தக் கட்டைவிரல் ஓய்வதில்லை. ஆட்காட்டி விரல் மெல்லிய தந்தியைச் சுண்ட, அதன் மேல் கண்ணாடி வழுக்கிக்கொண்டு போகிறது. குரல் ஒரு அடியைத் தொடங்கும். ஸ்லைடு அதே சுரத்தில் கூடவே வரும். கடைசிச் சொல் வர வேண்டிய இடத்தில் குரல் நின்றுவிடும், அந்தச் சொல்லைக் கிட்டார் சொல்லும். இரண்டு முறை கேட்டவருக்கு மூன்றாவது முறை அந்தச் சொல் தெளிவாகவே காதில் விழும். நான் சொல்வதையே கிட்டாரும் சொல்கிறது, கவனித்துக் கேளுங்கள் என்று அவர் மேடையில் சொல்வது வழக்கம். வெறும் பெருமைப் பேச்சு இல்லை.

அப்புறம் கணக்கு. அடிக்கு இத்தனை மாத்திரை என்று எண்ணிப் பார்க்காதீர்கள், தப்பிப் போவீர்கள். ஸ்லைடு சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை அடுத்த வரி வராது. ஒருமுறை நீளும், ஒருமுறை குறுகும். கூட வாசிப்பவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹார்மோனிகா வாசித்த ஜானி வுட்ஸ் என்ற அந்தப் பக்கத்துக்காரர் மட்டும் பார்க்காமலே பிடித்துவிடுவார். இருவரும் சேர்ந்து 1967-இல் பதிந்தவை இருக்கின்றன, தேடிக் கேட்கலாம்.

லோமாக்ஸின் தொகுப்பைக் கேட்டு மயங்கியவர்களில் ஒருவர் கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ். ஜெர்மனியில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறியவர், ஆர்ஹூலி என்ற சின்ன இசைத்தட்டுக் கம்பெனியைத் தனி ஆளாக நடத்திவந்தார். 1964 பிப்ரவரியில் கோமோவுக்கு நேரில் வந்து, மெக்டவலின் வீட்டிலேயே பதிந்துகொண்டு போனார். 'மிசிசிப்பி டெல்டா ப்ளூஸ்' என்ற தவறான தலைப்போடு வந்தாலும் அபாரமான ஆல்பம். அதே 1964-இல் நியூபோர்ட் நாட்டார் இசை விழா. 1965-இல் அமெரிக்க நாட்டார் ப்ளூஸ் விழாக் குழுவோடு ஐரோப்பா, ஜான் லீ ஹூக்கர், பிக் மாமா தார்ன்டன், இளைஞரான பட்டி கை எல்லோரும் அந்தக் குழுவில். கல்லூரிகள், காபிக் கடைகள், லண்டன். இந்த வருஷங்களின் பயணப் பட்டியலை முழுக்க எழுதினால் ரயில்வே கால அட்டவணை மாதிரி ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

அதைவிட முக்கியம் கோமோவின் ஹன்டர்ஸ் சேப்பல் தேவாலயம். தெற்கில் பல கறுப்பினக் குடும்பங்களில் ப்ளூஸ் பிசாசின் பாட்டு, தேவாலயத்துப் பாட்டு வேறு, இரண்டும் ஒரு வாயில் வரக்கூடாது என்று ஒரு கண்டிப்பு இருந்தது. சன் ஹவுஸ் வாழ்நாளெல்லாம் இதற்கிடையில் கிடந்து அல்லாடினார். மெக்டவலிடம் அந்த அல்லாட்டத்தின் சுவடே இல்லை. சனிக்கிழமை 'ஷேக் எம் ஆன் டவுன்', ஞாயிற்றுக்கிழமை ஜெபப் பாட்டு. மனைவி ஆனி மே அவரோடு சேர்ந்து பாடுவார். 1966-இல் தேவாலயப் பாடகர்களோடு 'அமேசிங் கிரேஸ்' என்ற ஆல்பமே பதிந்தார்கள். பின்னணியில் அதே கண்ணாடி ஸ்லைடு. வார்த்தையைக் கவனிக்காமல் கேட்டால் எது சாராயக் கொட்டகைப் பாட்டு, எது சாமி பாட்டு என்று கண்டுபிடிக்க முடியாது.

'யூ காட்டா மூவ்' அந்தப் பக்கத்திலிருந்து வந்த பாட்டுதான். அவர் எழுதியது அல்ல, பழைய தேவாலயப் பாடல். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் 1950-இலும், ரெவரன்ட் கேரி டேவிஸ் 1960-களின் தொடக்கத்திலும் பதிந்திருக்கிறார்கள். நீ உயர்ந்தவனாக இரு, தாழ்ந்தவனாக இரு, பணக்காரனோ ஏழையோ, ஆண்டவன் கூப்பிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்பது பொருள். மெக்டவல் 1965-இல் பதிந்தபோது அதை அவ்வளவு நிதானமாக்கிவிட்டார் என்றால், ஸ்லைடு ஒவ்வொரு சொல்லையும் தூக்கிச் சுமந்து நடப்பது போல இருக்கும். ஸ்டோன்ஸ் 1969 டிசம்பரில் அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஸ்டுடியோவில் பதிந்தது இந்த வடிவத்தைத்தான். அடி, நிதானம், குரலோடு ஸ்லைடு ஒட்டிவருவது எல்லாம் மெக்டவலுடையவை. பின்பற்றியது தப்பில்லை, மரியாதையோடுதான் செய்திருக்கிறார்கள். ஸ்டோன்ஸின் பாடகர் மிக் ஜாகர் கோமோ விவசாயியின் உச்சரிப்பை வரவழைத்துப் பாடுவது மட்டும் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. மெக்டவலுக்கு அந்த வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, தன் பாட்டை அவர்கள் எடுத்தது அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பணம்? இங்கேதான் ஸ்ட்ராக்விட்ஸுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். பழைய கறுப்பினக் கலைஞர்களின் பாட்டை எடுத்து 'மரபுப் பாடல்' என்று போட்டுவிட்டால் யாருக்கும் காசு தர வேண்டாம் என்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். ஸ்ட்ராக்விட்ஸ் விடவில்லை. வக்கீல்களை வைத்து மல்லுக்கட்டி, மெக்டவல் உயிரோடு இருக்கும்போதே உரிமத்தொகைக் காசோலையை அவர் கையில் கொடுத்தார். தாமதமாக வந்ததுதான். பல ப்ளூஸ் கலைஞர்களுக்கு அதுகூட வரவில்லை. இன்று அந்தப் பாட்டில் மெக்டவல் பெயரும் கேரி டேவிஸ் பெயரும் சேர்ந்தே வருகின்றன. பழைய தேவாலயப் பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று கோர்ட்டில் நிற்கிற மாதிரி கேட்டால் 'யாருமில்லை' என்பதே நேர்மையான பதில். ஸ்டோன்ஸ் எடுத்தது யாருடைய பாட்டை என்று கேட்டால் மெக்டவலுடையதை.

ஐரோப்பா போய்வந்தார், மேடையில் கைதட்டல் வாங்கினார் என்பதால் வசதியாக வாழ்ந்துவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். 1967-இல் ஜார்ஜ் மிட்செல் என்ற இளைஞர், அந்தப் பக்கத்து ப்ளூஸ் கலைஞர்களைப் பதிய மனைவியோடு கோமோவுக்கு வந்தார். பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, பிரெட் மெக்டவல் வீடு எங்கே என்று விசாரித்தார். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவரே மெக்டவல். அந்த ஆள் அதோடு நிற்கவில்லை, மிட்செலை ஓத்தா டர்னரிடம் கூட்டிப்போனார். அங்கிருந்து வழி ஆர்.எல். பர்ன்சைடின் வீட்டுக்குப் போனது. பர்ன்சைடு சிறுவனாக மெக்டவல் வாசிப்பதைப் பார்த்துக் கற்றவர். அவருடைய முதல் பதிவு அந்தப் பயணத்தில்தான் நடந்தது. பின்னால் 1990-களில் பர்ன்சைடும் ஜூனியர் கிம்ப்ரோவும் உலகப் பெயர் வாங்கியபோதுதான் 'ஹில் கன்ட்ரி' என்பது ஒரு தனிப் பாணி என்று எல்லோருக்கும் உறைத்தது. மெக்டவலின் ஆல்பங்களைப் பின்னோக்கிக் கேட்டவர்கள், அட, இது அப்போதே இருந்திருக்கிறதே என்றார்கள்.

1969-இல் ஜாக்சன் நகரின் மலாக்கோ ஸ்டுடியோவில் ஓர் ஆல்பம் பதிந்தார், கேபிடல் கம்பெனி வெளியிட்டது. 'ஐ டு நாட் பிளே நோ ராக் அண்ட் ரோல்' என்று தலைப்பு, தொடக்கத்தில் அவரே பேசுகிறார்: நான் ராக் அண்ட் ரோல் வாசிக்கிறவன் இல்லை, நேரான, இயல்பான ப்ளூஸ்தான் வாசிப்பேன் என்று. வேடிக்கை என்னவென்றால், கையில் எலக்ட்ரிக் கிட்டார், பின்னால் பேஸும் டிரம்ஸும். கிராமி விருதுக்குப் பரிந்துரையான ஆல்பம் அது. மரக் கிட்டாரோடு வராந்தாவில் உட்கார்ந்த விவசாயியையே எதிர்பார்த்த நாட்டார் இசை ரசிகர்கள் சிலருக்கு முகம் சுளித்தது. எனக்கு அந்த எலக்ட்ரிக் மெக்டவலை மிகவும் பிடிக்கும். விருந்துக் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுதானே அவர் தொழிலின் முதல் தேவை? ஒலிபெருக்கி கிடைத்தால் எந்த நடன வாத்தியக்காரர் வேண்டாம் என்பார்? தத்துவமெல்லாம் கேட்பவர்கள் வைத்துக்கொண்டது.

அவரிடம் நேரடியாகப் படித்தவர்களில் வெளியுலகத்துக்கு நன்றாகத் தெரிந்தவர் அமெரிக்கப் பாடகியும் கிட்டார் கலைஞருமான போனி ரெய்ட். கல்லூரிப் பெண்ணாக இருந்தபோதே, டிக் வாட்டர்மேன் என்ற மேலாளர் மூலமாக மெக்டவலோடு பழக்கம். ஸ்லைடை அவரிடம் கற்றுக்கொண்டார், அவரோடு மேடைகளுக்கும் போனார். 1973-இல் வந்த ரெய்டின் 'டேக்கின் மை டைம்' ஆல்பத்தில் மெக்டவலின் 'ரைட் மீ எ ஃப்யூ ஆஃப் யுவர் லைன்ஸ்', 'கோகோமோ ப்ளூஸ்' இரண்டையும் இணைத்துப் பாடியிருக்கிறார். இன்று மேடையில் ரெய்ட் ஒரு சுரத்தை நீட்டி நடுக்கி முடிக்கும்போது கோமோ தெரியும்.

மெக்டவல் வயிற்றுப் புற்றுநோயில் 1972 ஜூலை 3 அன்று மெம்பிஸில் காலமானார். கோமோவுக்கும் செனடோபியாவுக்கும் நடுவில் இருக்கும் ஹேமன்ட் ஹில் பாப்டிஸ்ட் தேவாலயக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். முதலில் வைத்த கல்லில் அவர் பெயரையே தப்பாகப் பொறித்திருந்தார்கள், கல்லும் நாளடைவில் சிதைந்துபோனது. 1993 ஆகஸ்டில், ப்ளூஸ் கலைஞர்களின் கல்லறைகளுக்குக் கல் வைக்கும் மவுன்ட் சயான் நினைவு நிதியம் புதிய கல்லை நிறுத்தியது. செலவு போனி ரெய்டுடையது. வாட்டர்மேன் வந்து பேசினார். கல்லில் 'யூ காட்டா மூவ்' வரிகள். கோமோவின் மெயின் ஸ்ட்ரீட்டில் மிசிசிப்பி ப்ளூஸ் டிரெயிலின் அறிவிப்புப் பலகையும் இப்போது இருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது என்றால்: ஸ்டோன்ஸிடமிருந்து வந்திருக்கிறீர்கள், முதலில் மெக்டவலின் 1965 'யூ காட்டா மூவ்' பதிவைக் கேளுங்கள். பிறகு 1959 லோமாக்ஸ் பதிவுகள், குறிப்பாக '61 ஹைவே', 'ஷேக் எம் ஆன் டவுன்' இரண்டும். '61 ஹைவே'யில் பேசப்படும் சாலை டெல்டா வழியாகப் போவது, ஆனால் கிட்டாரின் அடி மேட்டு நிலத்து அடி. அதே நாட்களில் லோமாக்ஸ் பதிந்த யங் சகோதரர்களின் குழல்-டிரம் இசையை உடனே அடுத்துப் போட்டுப் பாருங்கள். மெக்டவலின் கட்டைவிரல் எந்த டிரம்மிடம் பாடம் கேட்டது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. எலக்ட்ரிக் ஆல்பத்தை அதற்குப் பிறகு எடுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கிற ஆல்பம் இல்லை அது. அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு ஆரம்பிப்பது நல்லது.